தொட்ட இடத்தில் கடல்

வெள்ளைமுனையில் ஒரு சிறிய நிலையம் இருந்தது. கடலில் இஞ்சின் நின்று காணாமல் போகும் படகுகள் எங்கே மிதந்து போயிருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்வதுதான் அங்கே வேலை. முன்பு அது உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கி. மூட்டைகள் போய் வெகுகாலம் ஆகியும் சுவர்கள் மட்டும் வியர்த்துக்கொண்டே இருந்தன.

ஒரு பக்கம் உப்பளம், மறுபக்கம் கடல். வெயில் ஏறினால் இரண்டும் ஒரே வெள்ளையாகிவிடும். அங்கே சில நாள் தங்கியவர்களுக்கு எது தரை, எது தண்ணீர் என்பது அவ்வளவு முக்கியமாகப் படாது.

நிலையத்தை நடத்தியவர் தாட்சாயணி. தர்மபுரிப் பக்கம் பிறந்தவர். வயது முப்பத்தைந்துக்குள்தான் இருக்கும். படகுக்காரர்களுக்குக் கருவிகளைப் பழக்கிக் கொடுத்ததால் ஊரே அவரை டீச்சர் என்றது.

அவரிடம் கற்றுக்கொள்ள வந்தவர் இன்னாசி. மதுரையில் ஒரு கல்லூரியில் கணக்குப் பேராசிரியர். ஓய்வுபெற இன்னும் சில வருடம் இருக்கும்போதே வேலையை விட்டுவிட்டு, ஒரு பையோடு வந்து வாசலில் நின்றார்.

"எனக்கு இந்தக் கணக்கு வேணும் டீச்சர்."

"எதுக்கு, அண்ணாச்சி?"

"வேணும்."

டீச்சர் அதற்கு மேல் கேட்கவில்லை. ஒரு கணினியைக் காட்டி, "அது உங்களோடது" என்றார்.

கணக்கு கேட்பதற்கு எளிமையானது. கடலைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்திருப்பார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு மணிக்கும் தண்ணீர் எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் ஓடியது என்று எண்களாக இருக்கும். படகு நின்ற இடம் தெரிந்தால் போதும். அந்த எண்களைப் பிடித்துக்கொண்டு மணிக்கு மணி அதை நகர்த்திப் போகலாம்.

ஆனால் கட்டங்கள் ஏராளம். எண்களோ கடற்கரை மணல் மாதிரி. வரிசை வரிசையாக, ஒரு பெரிய மேட்ரிக்ஸாக, அவை கணினியின் சேமிப்பு வட்டில் கிடந்தன.

முன்பு எப்போதோ கண்டுபிடித்துக் கரைசேர்த்த ஒரு படகின் விவரத்தை டீச்சர் கொடுத்தார். "இது எங்கே போச்சுன்னு நீங்க சொல்லுங்க."

இன்னாசி புரோகிராம் எழுதினார். கல்லூரியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அதே பைத்தான் மொழிதான். முதலில் கடல் முழுவதும் உள்ளே வர வேண்டும், பிறகு படகு நகர வேண்டும். அப்படித்தான் எழுதினார்.

காலையில் ஓட்டிவிட்டு உட்கார்ந்தார். கணினியின் விசிறி இரைந்தது. வெயில் ஜன்னலின் ஒரு கம்பியிலிருந்து அடுத்த கம்பிக்கு நகர்ந்தது. கடல் இன்னும் உள்ளே வந்துகொண்டிருந்தது. சாயங்காலம் திரை அப்படியே உறைந்து நின்றது.

"டீச்சர், இதைவிடப் பெரிய மெஷின் கெடைக்குமா?"

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. வலை பின்ன ஆள் வருவாங்க. இங்கேதான் சாப்பாடு. நீங்களும் வாங்க" என்றார் டீச்சர்.

மறுநாள் மத்தியானம் கிட்டங்கியின் பின்புறம் நெத்திலிக் குழம்பு கொதித்தது. சமையல்கார பவுளியக்காள் இலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். டீச்சர், "இன்னிக்கு நான் பாய் போடறேன்" என்றார்.

முதல் ஆள் வந்தார். டீச்சர் ஒருவர் உட்காரும் பாயை விரித்தார். அவர் உட்கார்ந்தார். இலை விழுந்தது, சோறு விழுந்தது.

இரண்டாவது ஆள் வந்தார்.

"எந்திரிங்க" என்றார் டீச்சர் முதல் ஆளிடம். பாயைச் சுருட்டி ஓரமாகப் போட்டுவிட்டு, இருவர் உட்காரும் பாயை வேறு இடத்தில் விரித்தார். முதல் ஆள் இலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு இடம் மாறினார்.

மூன்றாவது ஆள் வந்தார். இருவரும் எழுந்தார்கள். வேறு இடம், வேறு பாய்.

நான்காவது ஆள் வந்தபோது முதல் ஆளின் வேட்டியில் குழம்பு இறங்கியிருந்தது.

"இது என்ன டீச்சர், வெளையாட்டா?"

"கொஞ்சம் பொறுங்க. இன்னும் ஆள் வராங்க."

ஐந்தாவது ஆளும் வந்தார். எல்லாரும் இலையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார்கள். பவுளியக்காள் கரண்டியோடு, "யாரும் ஒரு வாய் தின்னல. குழம்பு ஆறிப் போச்சு" என்று சத்தம் போட்டார்.

இன்னாசியால் பொறுக்க முடியவில்லை. "எத்தன பேரு வாராவன்னு மொதல்லயே கேட்டுட்டு, பெரிய பாயா ஒண்ணு விரிச்சிருக்கலாம்லா டீச்சர்?"

"கேட்டிருக்கலாம்" என்றார் டீச்சர். பிறகு இன்னாசியைப் பார்த்தார்.

இன்னாசிக்குப் புரிந்தது. சாப்பிடாமலே உள்ளே கணினியிடம் போனார்.

அவருடைய புரோகிராமும் அதைத்தான் செய்துகொண்டிருந்தது. ஒரு வரிசை எண்கள் வந்ததும் அதற்கு மட்டும் இடம் பிடித்தது. அடுத்த வரிசை வந்ததும் இன்னும் கொஞ்சம் பெரிய இடம் பிடித்து, பழையதை எல்லாம் அங்கே தூக்கிக்கொண்டு போனது. ஒவ்வொரு வரிசைக்கும் கடல் முழுவதும் எழுந்து எழுந்து உட்கார்ந்தது.

எத்தனை வரிசை, எத்தனை நெடுவரிசை என்று முதலில் கேட்டு, மொத்த இடத்தையும் ஒரே தடவையில் பிடிக்கும்படி மாற்றினார். விசிறி கொஞ்சம் அமைதியானது.

ஆனாலும் கடல் மெதுவாகத்தான் வந்தது.

"டீச்சர், இன்னும் ஏன் இவ்வளவு நேரம் ஆகுது?"

டீச்சர் ஒரு தாளையும் பென்சிலையும் நீட்டினார். "நான் சொல்றதை எழுதுங்க. எண்ணால வேண்டாம், எழுத்தால."

இன்னாசி எழுதினார். பூஜ்யம் புள்ளி நான்கு இரண்டு. ஒன்று புள்ளி பூஜ்யம் ஏழு. பூஜ்யம் புள்ளி ஒன்பது. தாள் நிறைந்தது.

"கூட்டுங்க."

எழுத்தை வைத்து எப்படிக் கூட்டுவது? ஓரத்தில் எல்லாவற்றையும் எண்ணாக எழுதிக்கொண்டு கூட்டினார்.

"சரி. ஓரத்துல எழுதினதை அழிச்சிடுங்க. இப்ப பெருக்குங்க."

மறுபடியும் எழுத்தைப் படித்து எண்ணாக எழுதினார்.

"அழிச்சிடுங்க. இப்ப..."

"டீச்சர், ஒரேயடியா எண்ணாவே எழுதி வச்சிருந்தா என்ன?"

"எழுத்தா இருந்தா மனுஷங்க படிக்கலாம்ல?"

"ஆமா. யாராவது தொறந்து பாத்தா புரியும்."

"கடலை யாரு தொறந்து படிச்சாங்க, அண்ணாச்சி? நீங்க படிச்சீங்களா?"

இன்னாசி பென்சிலைக் கீழே வைத்தார்.

கடலின் எண்கள் எல்லாம் அதுவரை எழுத்தாகத்தான் வட்டில் கிடந்தன. புள்ளியும் காற்புள்ளியுமாக, மனிதர் படிக்கும் விதத்தில். கணினி ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் எழுத்தாகப் படித்து, தனக்குப் புரியும் எண்ணாக மாற்றிக்கொண்டிருந்தது. யாரும் படிக்காத ஒன்றை எல்லாரும் படிக்கும்படி வைத்திருந்தார்கள்.

அன்றே எல்லாவற்றையும் கணினியின் வடிவத்துக்கு ஒரே ஒரு தடவை மாற்றி எழுதிவைக்கும் வேலையைத் தொடங்கினார். வேலை ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலக் காற்றில் உப்பு வாசனை. அப்படியே நாற்காலியில் கண்ணயர்ந்தார்.

கனவில் எண்கள் உப்பளத்து வரப்பு வழியாக வந்தன. ஒவ்வொன்றும் எழுத்துச் சட்டையைக் கழற்றி வரப்பில் போட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கியது. சத்தமே இல்லை. எல்லாம் இறங்கிய பிறகு பாத்தியில் வெறும் தண்ணீர் மட்டும் மினுங்கியது. யாரோ தூரத்தில் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். திரும்பிப் பார்க்க நினைக்கும்போது விழித்துக்கொண்டார்.

வேலை முடிந்திருந்தது.

இப்போது எண்கள் ஓடி வந்தன. பகல் முழுக்க வந்துகொண்டிருந்த கடல், ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் வந்தது. ஆனால் முக்கால்வாசி வந்ததும் கணினி திணறி நின்றது. எவ்வளவு வேகமாக ஊற்றினாலும் பாத்திரம் கொள்ளும் அளவுதான் கொள்ளும்.

"டீச்சர், கடல் முழுசும் உள்ள அடங்க மாட்டேங்குது."

அது மார்கழி மாதம். மறுநாள் விடிந்தும் உப்பளத்தின் மேல் பனி விலகவில்லை. டீச்சர் வாசலில் நின்று, கடலுக்குள் நீண்டு போகும் மணல்திட்டின் பக்கம் கையைக் காட்டினார்.

"மணல்திட்டோட கடைசி வரைக்கும் போயிட்டு வாங்க."

"இந்தப் பனியிலயா? ஒண்ணும் தெரியலியே."

"போயிட்டு வாங்க."

இன்னாசி நடந்தார். முன்னும் பின்னும் வெள்ளை. காலடியில் மட்டும் கொஞ்சம் மணல், ஒரு சிப்பி, நண்டு கிழித்த கோடு. ஓரடி வைத்தால் அடுத்த ஓரடி மணல் வந்து நின்றது. வைக்காவிட்டால் வரவில்லை. எங்கோ அலைச் சத்தம் கேட்டது. இடப்பக்கமா வலப்பக்கமா என்று தெரியவில்லை. பயம் எதுவும் வரவில்லை. தூங்கிக்கொண்டே நடப்பது போல இருந்தது. தண்ணீர் காலைத் தொட்டபோது, திட்டின் கடைசிக்கு வந்துவிட்டது புரிந்தது. திரும்பி வந்தார்.

"எவ்வளவு மணல் பாத்தீங்க?" என்றார் டீச்சர்.

"நடந்த எடத்துல உள்ளத."

"மத்த மணல்?"

"பாக்கல."

"கடைசி வரைக்கும் போக முடிஞ்சுதா?"

இன்னாசி அவரையே பார்த்தார். கடலில் கொஞ்சத்தை மட்டும் ஏற்றச் சொல்கிறார் என்று புரிந்துகொண்டார். புரிந்ததும் முகம் மாறிவிட்டது.

"முடியாது டீச்சர். அது மட்டும் முடியாது. ஒரு எடத்தப் பாக்காம விடச் சொல்லாதீங்க."

"ஏன்?"

அன்றுதான் இன்னாசி சொன்னார். அவருக்குச் சூசை என்று ஒரு தம்பி. படகுக்குப் போகிறவன். சில வருடங்களுக்கு முன் நடுக்கடலில் அவன் படகின் இஞ்சின் நின்றுபோனது. அப்போது வேறோர் ஊரில் வேறு யாரோ கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். கடல் முழுவதையும் கணினியில் ஏற்ற முடியாது என்று ஒரு மூலையை மட்டும் வெட்டி எடுத்து, அதற்குள் கணக்குப் போட்டார்கள்.

"படகு அந்த மூலையோட ஓரத்துக்கு வந்ததும் கணக்கு நின்னுட்டு" என்றார் இன்னாசி. "அந்த ஓரத்துலயே சுத்திச் சுத்தித் தேடுனாவ. கணக்குதான் நின்னுது டீச்சர். படகு நிக்கல. அவன் கெடைக்கவே இல்ல."

பனி மெல்ல விலகியது. உப்புக் குவியல்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

டீச்சர் உள்ளே போய் இரண்டு டம்ளரில் டீ எடுத்து வந்தார். இருவரும் நின்றபடியே குடித்தார்கள்.

அதன் பிறகு சில வாரம் இன்னாசி எதுவும் கேட்கவில்லை. எண்களைச் சுருக்கிப் பார்த்தார், பாதி பாதியாக ஏற்றிப் பார்த்தார். எதிலும் கடல் அடங்கவில்லை.

தை பிறந்த பிறகு ஒரு காலையில் மீனவர் சங்கத்துக் கிளாடியஸ் வேகமாக உள்ளே வந்தார். கடலுக்குப் போகும் படகுகளோடு வயர்லெஸ்ஸில் பேசுவது அவர் வேலை.

"டீச்சர், ரெமிஜியுஸ் படகு வரல. நேத்து காலையில இஞ்சின் நின்னுட்டுன்னு ஒரு தடவ பேசுனான். நின்ன எடத்தச் சொன்னான். படகுல தண்ணி ஏறுதுன்னான். அதோட சத்தம் இல்ல. நாலு பேரு உள்ள இருக்காவ."

"தேடற கப்பல்?"

"கெளம்பத் தயாரா நிக்கி. எங்க போகணும்னு கேக்காவ. வாடைக் காத்து அடிக்கி, தெக்கதான் போயிருக்கும்னு எல்லாரும் சொல்லுதாவ. நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா போயிருவாவ."

டீச்சர் இன்னாசியைப் பார்த்தார். "நேத்து வரைக்கும் எண்ணா மாத்தின கடல் உங்க மெஷின்லதான் இருக்கு. நீங்க போடுங்க."

இன்னாசி உட்கார்ந்தார்.

கிளாடியஸ் தோளுக்குப் பின்னால் நின்றார். "தெக்கு மூலைய மட்டும் வெட்டிப் போடுங்க சார். சட்டுன்னு வந்துரும்லா?"

"வெட்ட மாட்டேன்" என்றார் இன்னாசி.

கடல் முழுவதையும் ஏற்றினார். விசிறி இரைந்தது. கால்வாசி, பாதி, முக்கால். திரை உறைந்தது.

நிறுத்திவிட்டு மறுபடி ஏற்றினார். மறுபடி உறைந்தது.

வெளியே ரெமிஜியுஸின் மனைவி வந்து படியில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. உப்பளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பவுளியக்காள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"சார்" என்றார் கிளாடியஸ். "அவனுவ வெயில்ல கெடக்கானுவ சார்."

இன்னாசி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். பிறகு திரும்பினார்.

"டீச்சர். என்ன செய்யணும்னு சொல்லுங்க."

டீச்சர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "கடலை உள்ள கொண்டு வராதீங்க. அது எங்க இருக்குன்னு மட்டும் புரோகிராமுக்குச் சொல்லுங்க."

"அப்புறம்?"

"படகை விடுங்க."

"படகு நிக்கற எடம் மட்டும் வருமா?"

"அது மட்டும்."

"அதுக்கு வெளிய போச்சுன்னா?"

"அந்த இடம் வரும்."

"ஓரம் எங்க டீச்சர்?"

"நான் எங்க வெட்டச் சொன்னேன், அண்ணாச்சி?"

இன்னாசி ஒரு வரியை அழித்தார். அதன் இடத்தில் வேறொரு வரி எழுதினார். கடல் கிடந்த கோப்பைப் படி என்று இருந்தது. கோப்பு இருக்கும் இடத்தைச் சுட்டு என்று ஆனது. அவ்வளவுதான். வட்டில் கிடக்கும் கடல் தன் நினைவில் இருப்பதாகவே புரோகிராம் எடுத்துக்கொள்ளும். எந்தக் கட்டத்தைத் தொடுகிறதோ அந்தக் கட்டமும் அதைச் சுற்றிக் கொஞ்சமும் மட்டும் அந்த நொடியில் எழுந்து வரும். மற்றதெல்லாம் இருந்த இடத்தில் இருக்கும்.

படகு நின்ற இடத்தைக் கொடுத்தார். அது தண்ணீர் ஏறிய படகு, மேலே காற்றுக்குப் பிடிகொடுக்க அதிகம் இல்லை, நீரோட்டம்தான் அதை இழுக்கும் என்று டீச்சர் சொல்ல, அதற்குத் தக்கபடி காற்றின் பங்கைக் குறைத்தார். ஓட்டினார்.

விசிறி இரையவில்லை. எதுவும் நடக்காதது போல இருந்தது. பிறகு திரையில் ஒரு சின்னக் கோடு கிளம்பியது.

கோடு தெற்கே போனது. கிளாடியஸ், "சொன்னேம்லா" என்றார்.

கோடு இன்னும் தெற்கே போனது. பிறகு தயங்கியது. கிழக்கே சாய்ந்தது. கோடு மெல்ல வளைந்து, வந்த வழியைப் பார்ப்பது போலத் திரும்பி, வடக்கே ஏறத் தொடங்கியது. அது போகப் போகக் கடல் வந்துகொண்டிருந்தது. எங்கேயும் அது முட்டி நிற்கவில்லை.

"வாடைக்கு எதுத்தாப்ல எவம் போவான்?" என்றார் கிளாடியஸ். "கணக்கு தப்பு சார்."

"கீழே ஒரு சுழி இருக்கு" என்றார் டீச்சர். "பெரிய சுழி. தண்ணி வட்டமா ஓடுது."

"எல்லாரும் தெக்கன்னு சொல்லுதாவளே டீச்சர்! தப்பாப் போச்சுன்னா?"

டீச்சர் இன்னாசியிடம் திரும்பினார். "சொல்ல வேண்டியது நீங்க."

இன்னாசி திரையை ஒரு முறை பார்த்தார். வெளியே படியில் உட்கார்ந்திருந்தவரின் முதுகைப் பார்த்தார்.

"வடகிழக்கு" என்றார். கோடு நின்ற இடத்தைப் படித்துச் சொன்னார். கிளாடியஸ் அதை அப்படியே வயர்லெஸ்ஸில் சொன்னார்.

அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. வெயில் ஏறி உப்பளமும் கடலும் ஒன்றாயின. யாரோ டீ கொடுத்தார்கள், யாரும் குடிக்கவில்லை. இன்னாசி படியில், ரெமிஜியுஸின் மனைவிக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தார். ஒரு நாரை உப்புப் பாத்தியில் ஒற்றைக் காலில் நின்றது. அது பறந்து போனதையும் யாரும் கவனிக்கவில்லை.

வெயில் சாயும் நேரத்தில் கிளாடியஸ் உள்ளேயிருந்து கத்தினார். என்ன சொல்கிறார் என்று முதலில் யாருக்கும் விளங்கவில்லை.

"கெடச்சிட்டாவ! நாலு பேரும்! உசுரோட இருக்காவ!"

படகு விளிம்புவரை மூழ்கி, ஒரு பக்கம் சாய்ந்து கிடந்ததாம். நாலு பேரும் ஒரு மிதவையை ஆளுக்கொரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார்களாம். கோடு நின்ற இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளித்தான்.

ரெமிஜியுஸின் மனைவி அப்போதுதான் அழுதார். எழுந்து ஒரு படி இறங்கி வந்து, இன்னாசியின் இரண்டு கையையும் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். இன்னாசிக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

மறுநாள் ஊரே நிலையத்துக்கு வந்து போனது. பெரிய சீலா மீன் ஒன்று வந்தது, பவுளியக்காள் குழம்பு வைத்தார். எல்லாரும் சாப்பிட்டு, சிரித்து, கலைந்து போனார்கள். சாயங்காலம் டீச்சரும் இன்னாசியும் மட்டும் இருந்தார்கள். டீச்சர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஒரு கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் தேன் நிறத்தில் இருந்தது.

"டீச்சர்."

"சொல்லுங்க."

"சூசை காணாமப் போன வருஷத்துக் கடலும் வட்டுல இருக்கா?"

"இருக்கு."

"அவன் படக அதுல விடலாமா?"

டீச்சர் கருவியைக் கீழே வைத்தார்.

"விடலாம்."

இன்னாசி கணினி முன் உட்கார்ந்தார். அந்த வருடத்துக் கடல் இருக்கும் இடத்தைச் சுட்டினார். சூசையின் இஞ்சின் நின்ற இடத்தைப் பார்க்காமலே எழுதினார். அந்த நாள். அந்த நேரம். அன்றைய காற்று. எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

கடைசியில் ஒரே ஒரு கேள்வி மிச்சமிருந்தது. எத்தனை மணி நேரம் படகை நகர்த்த வேண்டும் என்று புரோகிராம் கேட்டுவிட்டுக் காத்திருந்தது. அவரே எழுதிய கேள்விதான். ரெமிஜியுஸ் படகுக்கு, அது நின்ற நேரத்திலிருந்து தேடும் கப்பல் போய்ச் சேரும் நேரம்வரை என்று ஒரு நொடியில் போட்டுவிட்டார்.

திரையில் விடை எழுத வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கோடு விட்டு விட்டு மினுங்கியது. வெளியே உப்புக் குவியல்களின் நிழல் நீண்டு ஒன்றோடொன்று சேர்ந்தது.

"டீச்சர்."

"ம்."

"எத்தன மணி நேரம்னு கேக்குது. என்ன போடட்டும்?"

டீச்சர் எழுந்து வந்து அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். திரையைப் பார்த்தார்.

"எப்ப நிறுத்தணும்னு கடலுக்குத் தெரியாது, அண்ணாச்சி. நீங்கதான் சொல்லணும்."